பாதிக்கு மேல் செலவான போர் விமானத் திட்டத்தை ரத்து செய்வது எப்போது சரி? கணக்கு, அறிகுறிகள், ஒப்பந்த நடைமுறை

கேள்வி: மேகத்தடம்

கோமான்சி ஹெலிகாப்டருக்கு அமெரிக்கத் தரைப்படை 2004 பிப்ரவரி வரை ஏறத்தாழ 690 கோடி டாலர் செலவழித்தது. கையில் மிஞ்சியவை 2 முன்மாதிரிகள். கடற்படைக்காகத் தொடங்கிய ஏ-12 அவெஞ்சர் 1991 ஜனவரி 7 அன்று ரத்தானபோது ஒரு விமானம்கூட வானத்தைப் பார்க்கவில்லை. பிரிட்டனின் கடல் ரோந்து விமானமான நிம்ராட் எம்.ஆர்.ஏ.4 இன்னும் வேதனை. 2010 அக்டோபரில் கைவிட்டபோது விமானங்கள் பறந்துகொண்டிருந்தன, பிறகு அவற்றை வெட்டிப் போட்டார்கள்.

கேட்க விரும்புவது இவைதான். இவ்வளவு பணம் போன பிறகு மிச்சத்தையும் போட்டு முடித்துவிடுவது மலிவு இல்லையா? திட்டம் தேறாது என்பதை முன்கூட்டியே காட்டும் பொறியியல் அறிகுறிகள் எவை? ரத்து அறிவிப்பு வந்த மறுநாள் ஆலையில், ஒப்பந்தத்தில், உதிரிகளில் உண்மையில் என்ன நடக்கிறது? பத்திரிகைச் செய்திகள் "வீணான பணம்" என்பதோடு நின்றுவிடுகின்றன. கணக்குப் போட்டுக் காட்டக்கூடியவர்கள் எழுதுங்கள்.

பதில்: எண்சுவடி

முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். கணக்கில் வரவேண்டியது போன பணம் அல்ல, இனிப் போகப்போகும் பணம். 690 கோடியைத் தொடர்ந்தாலும் மீட்க முடியாது, நிறுத்தினாலும் மீட்க முடியாது. அதனால் அது தராசின் எந்தத் தட்டிலும் வராது. ஒரு தட்டில் மிச்ச வடிவமைப்புச் செலவு, உற்பத்திச் செலவு, 30 ஆண்டு இயக்கச் செலவு. மறு தட்டில் மாற்று வழியின் அதே மூன்று செலவுகள், கூடவே ரத்துக்கான இழப்பீடு. இந்த இழப்பீட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

கோமான்சியில் தரைப்படை இந்தக் கணக்கைத்தான் முன்வைத்தது. 2011 வரை ஒதுக்கியிருந்த 1,460 கோடி டாலரில் 121 கோமான்சிகள் கிடைக்கும். அதே தொகையில் ஏற்கெனவே உற்பத்தியில் உள்ள வகைகளில் ஏறக்குறைய 800 புது ஹெலிகாப்டர்கள் வாங்கலாம், கையிலுள்ள சுமார் 1,400-ஐ மேம்படுத்தலாம். இந்த ஒப்பீட்டைப் பார்த்தபின் "முடித்துவிடலாமே" என்று சொல்வது கடினம். தொடக்கத்தில் 5,000 வாங்குவதாக இருந்த திட்டம் கடைசியில் 650-க்கு வந்து நின்றதையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்தச் சரிவுதான் பெரும்பாலான திட்டங்களைக் கொல்கிறது. கற்பனை எண்களில் காட்டுகிறேன். வடிவமைப்புச் செலவு 1,000 கோடி, 200 விமானங்கள், ஒன்றின் உற்பத்திச் செலவு சராசரி 10 கோடி. வடிவமைப்பின் பங்கு தலைக்கு 5 கோடி, ஆக ஒரு விமானம் 15 கோடி. பட்ஜெட் இறுக்கத்தில் எண்ணிக்கையை 100-ஆகக் குறைக்கிறார்கள். வடிவமைப்பின் பங்கு 10 கோடியாகிறது. அதோடு, தொழிலாளர் கைப்பழக்கத்தால் வரும் விலைக் குறைவும் போய்விடும். எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் சராசரி 15 விழுக்காடு குறையும் என்று வைத்தால், பாதியாகும்போது அது 10-லிருந்து 11.76 கோடிக்கு ஏறும். மொத்தம் 21.76 கோடி, அதாவது 45 விழுக்காடு உயர்வு. ஆலையில் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை, ஒரு போல்ட்கூட மாறவில்லை. ஆனாலும் "விலை எகிறிவிட்டது" என்று அடுத்த வெட்டு வரும், அது விலையை இன்னும் ஏற்றும். பி-2 குண்டுவீச்சு விமானம் 132 என்று திட்டமிட்டு 21-இல் நின்றது. வடிவமைப்பையும் சேர்த்தால் ஒன்று 200 கோடி டாலருக்கு மேல் என்று எல்லோரும் சொல்லும் எண் அப்படி வந்ததுதான்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு சட்டத் தூண்டில் உண்டு, நன்-மெக்கர்டி என்பார்கள். விலைவாசி ஏற்றத்தைக் கழித்தபின், ஒரு விமானத்தின் விலை நடப்பு அடிப்படையைவிட 25 விழுக்காடோ முதல் அடிப்படையைவிட 50 விழுக்காடோ கூடினால் அது மிகக் கடுமையான மீறல். அப்போது திட்டம் ரத்து என்பதே சட்டத்தின் தொடக்க நிலை. பாதுகாப்பு அமைச்சர் 60 நாளுக்குள் சான்றளித்தால்தான் தொடரும். திட்டம் நாட்டின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது, இதைவிட மலிவான மாற்று இல்லை, புதிய செலவு மதிப்பீடு நம்பத்தக்கது, இதற்காகப் பணம் குறைக்கப்படும் திட்டங்களைவிட இது முக்கியம், நிர்வாகம் செலவைக் கட்டுப்படுத்தும் நிலையில் இருக்கிறது ஆகிய ஐந்தையும் அவர் உறுதிப்படுத்த வேண்டும். மேலே போட்ட கற்பனைத் திட்டம் வெறும் எண்ணிக்கை வெட்டினாலேயே நடப்பு அடிப்படையின் 25-ஐத் தாண்டிவிட்டதைக் கவனியுங்கள். சிறுசிறு மீறலாகத் தேங்குகிற திட்டம் முதல் அடிப்படைக்கான 50-இல் மாட்டும்.

ஏ.ஆர்.எச்-70 என்ற உளவு ஹெலிகாப்டர் 2008 அக்டோபரில் இந்தச் சட்டத்தில் விழுந்தது. எஃப்-35 2010-இல் அதே மீறலைத் தொட்டும் சான்றிதழ் பெற்றுத் தப்பியது.

மிச்சச் செலவை யார் மதிப்பிடுகிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. ஒப்பந்தக்காரர் தரும் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். எளிய சோதனை ஒன்று: மொத்த பட்ஜெட் 1,000 கோடி, இதுவரை 400 கோடி மதிப்புள்ள வேலை முடிந்திருக்கிறது, அதற்கு 500 கோடி செலவாகியிருக்கிறது. செயல்திறன் 0.8. இதே வேகத்தில் முடிந்தால் 1,250 கோடி ஆகும். "இல்லை, 1,000-க்குள் முடிப்போம்" என்று சொன்னால், மிச்சமுள்ள 600 கோடி வேலையை 500 கோடியில் செய்யவேண்டும், அதாவது 1.2 செயல்திறன். 0.8-இல் ஓடியவர் திடீரென 1.2-க்குத் தாவ என்ன மாறியிருக்கிறது? அதற்கு எழுத்தில் பதில் இல்லாவிட்டால் அந்த மதிப்பீட்டை ஒதுக்கிவிடலாம்.

பதில்: தராசுமுள்

இரண்டாவது கேள்வி. பணத்துக்கு முன்பே எடை பேசிவிடும். ரத்தான திட்டங்களின் கதைகளில் பணத்தை மட்டும் படிப்பது, காய்ச்சலை மட்டும் எழுதி நோயை விட்டுவிடுவதற்குச் சமம்.

எடை அறிக்கையில் ஒவ்வொரு பாகத்தின் எடையும் மூன்று வகையில் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருக்கும்: மதிப்பிட்டது, வரைபடத்திலிருந்து கணக்கிட்டது, தராசில் நிறுத்தது. மொத்த எண்ணைப் பார்ப்பதற்கு முன் இந்த மூன்றின் பங்கைப் பாருங்கள். வரைபடங்களை வெளியிடும் கட்டம் முடிந்த பிறகும் பாதி எடை "மதிப்பிட்டது" என்றே இருந்தால் அந்த மொத்தத்துக்கு மதிப்பில்லை. மதிப்பிட்டது கணக்கிட்டதாக மாறும்போது எண் கூடும், நிறுத்தும்போது இன்னும் கூடும். அடைப்பான்கள், கம்பிக்கட்டுகள், பிராக்கெட்டுகள், சீலன்ட், பெயின்ட் எல்லாம் கடைசியில்தான் கணக்கில் ஏறும். அதற்காகத்தான் தொடக்கத்தில் 5 முதல் 10 விழுக்காடு இருப்பு வைக்கிறார்கள். முதல் பெரிய வடிவமைப்பு ஆய்வுக்குள்ளேயே அந்த இருப்பு தீர்ந்துவிட்டால் அபாய மணி அடித்துவிட்டது என்று பொருள்.

கட்டமைப்பில் ஒரு கிலோ கூடினால் விமானம் ஒரு கிலோவோடு நிற்காது. அதே தூரம் பறக்கக் கூடுதல் எரிபொருள், அதைத் தாங்கப் பெரிய இறக்கை, அதைத் தாங்க வலுவான சக்கரக்கால். செயல்திறனை விட்டுக்கொடுக்காவிட்டால் மொத்தத்தில் பல கிலோ ஏறும். கப்பலில் இறங்கும் விமானத்திலும் நின்ற இடத்திலிருந்து எழும் விமானத்திலும் இது மிகக் கொடூரமாக அடிக்கும், ஏனெனில் அங்கே எஞ்சின் உந்துவிசையும் தளத்தின் தடுப்புக் கயிறும் எடைக்கு உறுதியான மேல்வரம்பு வைத்துவிடுகின்றன.

ஏ-12-இல் நடந்தது இதுதான். பெரிய காம்போசிட் (இழையும் பிசினும் சேர்ந்த கலப்புப் பொருள்) பாகங்களை லேசாகச் செய்யலாம் என்று நம்பி வடிவமைத்தார்கள். அளவும் தடிமனும் கூடியபோது பாகங்கள் எதிர்பார்த்த வலுவில் வரவில்லை, சில இடங்களில் உலோகத்துக்கு மாறினார்கள். விமானம் இலக்கைவிட 3 டன்னுக்கு மேல் கனத்தது. அரசிடம் ஏற்கெனவே இருந்த ஸ்டெல்த் அறிவு (ரேடாரில் எளிதில் சிக்காமல் இருக்கும் நுட்பம்) ரகசியச் சுவர்களைத் தாண்டி, விமானத்தை உருவாக்கிய இரு நிறுவனங்களுக்கும் போதிய அளவு போய்ச் சேரவில்லை. மெக்டொனல் டக்ளஸும் ஜெனரல் டைனமிக்ஸும் சிலவற்றை முதலிலிருந்து கற்றன. 1990 ஏப்ரலில் நாடாளுமன்றத்திடம் "திட்டம் சரியாகப் போகிறது" என்று பாதுகாப்பு அமைச்சர் செனி சொன்னார். ஜூனில் நிறுவனங்கள் செலவு உச்சவரம்பைத் தாண்டும், முதல் பறப்பும் தள்ளிப்போகும் என்று அறிவித்தன. எடை அறிக்கை மேலே போய்ச் சேராததன் விளைவு அது.

எடைக்கு அடுத்தது மின்சாரமும் சூடும். பிரிட்டனின் நிம்ராட் ஏ.இ.டபிள்யூ.3 முன்னெச்சரிக்கை விமானத்தில் ரேடாரின் சூட்டை எரிபொருளில் இறக்கினார்கள். தொட்டியில் எரிபொருள் பாதிக்குக் கீழே போனால் சூட்டை வாங்க ஆளில்லை, எல்லாக் கருவிகளையும் முழு அளவில் ஓட்ட முடியாது. ஆனால் கண்காணிப்பு விமானம் நீண்ட நேரம் வானில் நிற்பதற்காகவே இருப்பது, அந்த நேரத்தில்தான் தொட்டி காலியாகிக்கொண்டிருக்கும்! கணினியின் திறனும் போதவில்லை. 100 கோடி பவுண்டு அளவுக்குச் செலவழித்து 1986 டிசம்பரில் நிறுத்தினார்கள், பதிலுக்கு அமெரிக்காவின் இ-3 முன்னெச்சரிக்கை விமானத்தை வாங்கினார்கள்.

அமெரிக்கத் தரைப்படையின் ஏரியல் காமன் சென்சார் என்ற உளவு விமானத் திட்டம் இன்னும் துல்லியமான பாடம். 2004 ஆகஸ்டில் ஒப்பந்தம். எம்ப்ரேயரின் சிறிய பயணிகள் ஜெட்டில் உளவுக் கருவிகள் எல்லாவற்றையும் ஏற்றவேண்டும். கருவிகளின் எடை, அவற்றுக்கான மின்சாரம், குளிரூட்டல் மூன்றையும் சேர்த்தபோது விமானம் தாங்காது என்று தெரிந்தது. 2005 செப்டம்பரில் வேலை நிறுத்த உத்தரவு, 2006 ஜனவரியில் ரத்து. ஒப்பந்தத்திலிருந்து முடிவுவரை ஒன்றரை ஆண்டுக்கும் குறைவு. எனக்கு மதிப்புள்ள ரத்து இதுதான். உலோகம் வெட்டுவதற்கு முன் நிறுத்தினார்கள்.

மூன்றாவது அறிகுறி, பழையதோடு புதியதைப் பொருத்துவது. நிம்ராட் எம்.ஆர்.ஏ.4-இல் 1960-களின் உடற்பகுதிகளோடு கணினியில் வரைந்த புது இறக்கைகளைச் சேர்க்க முயன்றார்கள். பழைய உடற்பகுதிகள் கையால் கட்டப்பட்டவை, ஒன்றின் அளவு இன்னொன்றோடு ஒத்துவரவில்லை. புது இறக்கையோ மில்லிமீட்டர் கணக்கில் ஒரே மாதிரி வருகிறது. ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. எண்ணிக்கை 21, 16, 12, 9 என்று இறங்கிய வரிசையை எண்சுவடி போட்ட கணக்கோடு வைத்துப் பாருங்கள். "பழைய உடலை வைத்துக்கொண்டால் மலிவு" என்று எந்தத் திட்டம் சொன்னாலும், கையெழுத்துப் போடும் முன் குறைந்தது நான்கைந்து உடற்பகுதிகளையாவது முழுமையாக அளந்து பார்க்கச் சொல்வேன்.

மேகத்தடம்

இரண்டு பதில்களும் மிக உதவியாக உள்ளன. ஒரு சந்தேகம். ஏ-12, நிம்ராட் இரண்டிலும் விலை நிலையானதாக ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். விலை நிலையானது என்றால் நட்டம் நிறுவனத்துக்குத்தானே, அரசு ஏன் பயப்படவேண்டும்?

பதில்: கையொப்பம்

ஏனென்றால் நிறுவனம் தாங்கக்கூடிய நட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்ய நிலையான விலை கேட்டால், நிறுவனம் ஆர்டருக்காகக் குறைத்துச் சொல்லும், நட்டம் தெரிந்ததும் மோசமான செய்தியைத் தள்ளிப்போடும், கடைசியில் அரசிடம் வந்து நிற்கும். ஏ-12-இல் உச்சவரம்பு சுமார் 480 கோடி டாலர். அதற்கு மேல் ஆவதை ஏற்க முடியாது என்று நிறுவனங்கள் கேட்டன, அரசு கைகொடுக்க மறுத்து ஒப்பந்தத்தை முறித்தது. நிலையான விலை என்பது வடிவமைப்பு உறைந்து, உற்பத்தி பழகிய பிறகு போடவேண்டியது. வடிவமைப்புக் கட்டத்தில், செலவைத் திருப்பிக் கொடுத்து ஊக்கத்தொகை தரும் ஒப்பந்தமே நேர்மையான தகவலை வரவைக்கும்.

இனி மறுநாள் என்ன நடக்கும் என்பது. அமெரிக்க விதிகளை வைத்துச் சொல்கிறேன், மற்ற நாடுகளிலும் சாரம் இதுதான். ரத்து இரண்டு வகை. ஒன்று, அரசின் வசதிக்காக. இன்னொன்று, ஒப்பந்தக்காரர் தவறியதற்காக. எந்த வகை என்பதில்தான் எல்லாப் பணமும் இருக்கிறது.

வசதிக்காக என்றால் எழுத்து மூலம் அறிவிப்பு வரும். எந்தத் தேதியிலிருந்து, ஒப்பந்தத்தின் எந்தப் பகுதி என்பது அதில் தெளிவாக இருக்கவேண்டும். முழுவதுமா பகுதியா என்பதில் குழப்பம் வந்தால் பிறகு கோடிக்கணக்கில் வழக்கு. அறிவிப்பு கிடைத்த உடனே வேலையை நிறுத்தவேண்டும், புது ஆர்டர் எதுவும் போடக்கூடாது, துணை ஒப்பந்தங்களை முறிக்கவேண்டும். முறிப்புச் செய்தி கீழ்த்தட்டு சப்ளையருக்கு மூன்று வாரம் கழித்துப் போனால், அந்த மூன்று வாரச் செலவை அரசு ஏற்கத் தேவையில்லை. பல நிறுவனங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். துணை ஒப்பந்தங்களில் முறிப்புப் பிரிவு எழுதாமல் விட்டிருப்பார்கள், சப்ளையர் முழு லாபத்தையும் கேட்டு நிற்பார், மேலே அரசு அதைத் தராது.

பிறகு சரக்குப் பட்டியல். மூலப்பொருள், பாதி முடிந்த பாகங்கள், ஜிக்குகள் (பாகங்களைப் பிடித்துவைக்கும் தாங்கிகள்), சோதனைக் கருவிகள் எல்லாவற்றையும் எண்ணி 120 நாளுக்குள் படிவம் 1428-இல் ஒப்படைக்கவேண்டும். இறுதித் தீர்வுக் கோரிக்கைக்கு ஓராண்டு. சரக்கு அடிப்படையில் என்றால் படிவம் 1435, மொத்தச் செலவு அடிப்படையில் என்றால் 1436, செலவைத் திருப்பித் தரும் ஒப்பந்தம் என்றால் 1437. கிடைப்பது: செய்த வேலைக்கான செலவு, அதன்மேல் நியாயமான லாபம், கணக்கு முடிக்கும் செலவு. செய்யாத வேலையின் லாபம் கிடையாது. இன்னொரு நுணுக்கம் பலருக்குத் தெரியாது. ஒப்பந்தம் முழுவதும் ஓடியிருந்தால் நட்டத்தில் முடிந்திருக்கும் என்று தெரிந்தால், அந்த நட்ட விகிதத்துக்கு ஏற்பச் செலவும் குறைத்தே தரப்படும். நட்டத்தில் ஓடிய நிறுவனத்துக்கு ரத்து மீட்பு வழி ஆகிவிடக்கூடாது என்பதற்காக.

ஆண்டுதோறும் பகுதிபகுதியாக நிதி வரும் ஒப்பந்தத்தில், அடுத்த 60 நாளில் ஒதுக்கீட்டின் 75 விழுக்காட்டைத் தொடப்போகிறோம் என்றால் எழுதித் தெரிவிக்கவேண்டும். முறிப்புச் செலவும் அந்த ஒதுக்கீட்டுக்குள்தான் அடங்கவேண்டும். அதனால் கவனமான நிறுவனம் "இன்று நிறுத்தினால் எவ்வளவு ஆகும்" என்ற எண்ணை மாதந்தோறும் புதுப்பித்து வைத்திருக்கும்.

தவறியதற்காக முறிப்பது கடினமான பாதை. பொதுவாக முதலில் குறையைத் திருத்தச் சொல்லி 10 நாள் அறிவிப்பு, பிறகு காரணம் கேட்கும் கடிதம், பிறகு முறிப்பு. அரசு முன்பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் நீதிமன்றம் "நிறுவனத்தின் தவறு இல்லை" என்று சொன்னால் அது தானாகவே வசதிக்கான முறிப்பாக மாறிவிடும், பணம் எதிர்த்திசையில் ஓடும். ஏ-12-இல் அரசு 135 கோடி டாலரைத் திருப்பிக் கேட்டது, நிறுவனங்கள் எதிர்வழக்குப் போட்டன. தீர்ப்பு மாறி மாறி வந்து, 2011-இல் உச்ச நீதிமன்றம்வரை போய், 2014 ஜனவரியில்தான் சமரசம். தொகை 40 கோடி டாலர், அதுவும் பணமாக அல்ல. மெக்டொனல் டக்ளஸைப் பின்னர் தன்னோடு இணைத்துக்கொண்ட போயிங் 3 க்ரௌலர் மின்னணுப் போர் விமானங்கள் தந்தது, ஜெனரல் டைனமிக்ஸ் போர்க்கப்பல் கட்டணத்தில் கழித்துக்கொண்டது. 23 ஆண்டுகள்! உறுதியான ஆவணம் கையில் இல்லாமல் "தவறியதற்காக" என்று எழுதவே கூடாது.

கட்டி முடித்தவை என்னாகும்? விற்கலாம், ஆனால் விலை கிடைக்காது. அதிபருக்கான வி.எச்-71 ஹெலிகாப்டர் திட்டம் 610 கோடி டாலர் மதிப்பீட்டிலிருந்து 1,300 கோடிக்கு மேல் போனதும் 2009-இல் ரத்தானது. கையிலிருந்த 9 ஹெலிகாப்டர்களையும் உதிரிகளையும் கனடா 16.4 கோடி டாலருக்கு வாங்கியது, பறக்கவிட அல்ல, தன் தேடல்-மீட்பு ஹெலிகாப்டர்களுக்கு உதிரியாக.

பதில்: நடுவானம்

மேலே எழுதியவை எல்லாம் சரி. ஆனால் தொடர்வதா ரத்தா என்று இரண்டே கதவுகள் இருப்பதாக இழை போகிறது, அதை மறுக்கிறேன்.

சி-17 சரக்கு விமானத்தை எடுங்கள். 1992 அக்டோபரில் இறக்கை வலுச் சோதனையில் தோற்றது, செலவு ஏறியது, தாமதம். 1993 டிசம்பரில் "40 விமானங்களோடு நிறுத்துகிறோம், இரண்டு ஆண்டுக்குள் திருந்தினால் மீதி" என்று கெடு வைத்தார்கள். கூடவே வாங்கக்கூடிய மாற்று விமானங்களையும் மேசையில் வைத்தார்கள், அந்தக் கெடுவுக்குப் பல் கொடுத்தது அதுதான். 1995 நவம்பரில் 120-க்கு ஒப்புதல் கிடைத்தது. கடைசியில் மொத்தம் 279 கட்டப்பட்டன. எஃப்-35-இன் செங்குத்தாக இறங்கும் வகைக்கும் 2011 ஜனவரியில் இரண்டு ஆண்டுக் கெடு வைத்து, ஓராண்டில் விலக்கிக்கொண்டார்கள்.

இன்னொரு கதவு, நோயுள்ள உறுப்பை மட்டும் பிரிப்பது. இந்தியாவின் தேஜஸ் போர் விமானத்துக்காக உருவான காவேரி எஞ்சின் தேவையான உந்துவிசையைத் தொடவில்லை, எடையும் கூடுதல். அதற்காகத் தேஜஸ் காத்திருந்தால் இரண்டும் சேர்ந்து மூழ்கியிருக்கும். முன்மாதிரிகளிலேயே ஜி.இ.-யின் எஃப்404 பொருத்திப் பறக்கவிட்டிருந்ததால், 2008-இல் எஞ்சின் திட்டத்தை விமானத்திலிருந்து பிரித்தபோது விமானத்துக்குக் காயமில்லை. முக்கிய பாகம் புதிதாக உருவாகிறது என்றால், இப்படி வாங்கக்கூடிய ஒன்றைப் பொருத்தும் இடம் முதல் வரைபடத்திலேயே இருக்கவேண்டும்.

அரசியலையும் கணக்கில் எடுங்கள். ஹெலிகாப்டர்போல எழுந்து விமானம்போலப் பறக்கும் வி-22 ஆஸ்ப்ரேயை ரத்து செய்ய அதே செனி 1989 முதல் முயன்றார். நாடாளுமன்றம் ஒவ்வொரு ஆண்டும் பணம் ஒதுக்கியது, திட்டம் பிழைத்தது. இஸ்ரேலின் லாவி போர் விமானம் 1987 ஆகஸ்டில் அமைச்சரவையில் 12-க்கு 11 என்ற வாக்கில் போனது. ஒரே ஒரு வாக்கு.

பதில்: பழுதுநீக்கி

யாரும் தொடாத ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: ரத்து செய்தபின் எதைக் காப்பாற்றுவது. இதில்தான் நாடுகள் உண்மையிலேயே ஏழையாகின்றன.

கனடா 1959 பிப்ரவரி 20 அன்று அவ்ரோ ஏரோ போர் விமானத்தை ரத்து செய்தது. அன்றே 14,000-க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். பறந்த 5 விமானங்களும், புது இராக்குவா எஞ்சினோடு முடியும் தறுவாயில் இருந்த ஆறாவதும் வெட்டப்பட்டன. வரைபடங்களும் டூலிங்கும் (உற்பத்திக்கான அச்சுகள், தாங்கிகள்) அழிந்தன. பொறியாளர்கள் நாசாவுக்குப் போனார்கள், ஜெமினி விண்கலத்தின் வடிவமைப்பை வழிநடத்திய ஜிம் சேம்பர்லின் அவர்களில் ஒருவர். கனடா பிறகு பழைய வூடூ போர் விமானங்களை வாங்கியது. பிரிட்டன் 1965 ஏப்ரல் 6 பட்ஜெட்டில் டி.எஸ்.ஆர்-2 தாக்குதல் விமானத்தை நிறுத்தியதும் இதே வழி. பறந்த ஒரே விமானம் பீரங்கிச் சோதனைக்கு இலக்காக அனுப்பப்பட்டது. பதிலுக்கு அமெரிக்காவிடம் வாங்குவதாக இருந்த எஃப்-111 ஆர்டரும் 1968-இல் ரத்து. மாற்று கையில் வருமுன் முதலாவதை உடைக்கக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவின் பி-1ஏ குண்டுவீச்சு விமானம். 1977 ஜூன் 30 அன்று கார்ட்டர் உற்பத்தியை நிறுத்தினார், ஆனால் 4 முன்மாதிரிகளின் சோதனைப் பறப்பு 1981 வரை தொடர்ந்தது. 1981-இல் ரீகன் மீண்டும் தொடங்கியபோது அறிவு சூடாகவே இருந்தது, முதல் பி-1பி 1984 அக்டோபரில் பறந்தது. எஃப்-22 போர் விமான உற்பத்தி நின்றபோது டூலிங்கைப் பத்திரமாக எடுத்துவைத்தார்கள், தொழிலாளர்கள் வேலை செய்யும் முறையைக்கூட வீடியோவில் பதிந்தார்கள். ஆனால் சப்ளையர்களைப் பெட்டியில் போட்டு வைக்க முடியாது. மறுதொடக்கத்தைப் பற்றி 2017-இல் விமானப்படை நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த ஆய்வு, 194 விமானங்களுக்குச் சுமார் 5,000 கோடி டாலர் என்றது. அந்தச் சப்ளையர் சங்கிலியை மீண்டும் கட்டுவதும் வழக்கொழிந்த மின்னணுப் பாகங்களை மாற்றுவதும் அந்தச் செலவில் அடங்கும். டூலிங் மட்டும் போதாது.

பாகங்கள் தப்பிப்பது எளிது. கோமான்சிக்காக உருவான டி800 எஞ்சின் சூப்பர் லிங்ஸ் ஹெலிகாப்டரில் போய்ச் சேர்ந்தது. அமெரிக்கக் கடற்படை கைவிட்ட எஃப்-111பி-யின் எஞ்சினும் ஃபீனிக்ஸ் ஏவுகணையும் அதன் ரேடாரும் எஃப்-14 போர் விமானத்துக்குப் போயின. டி.எஸ்.ஆர்-2-இன் ஒலிம்பஸ் எஞ்சின் கான்கார்டின் எஞ்சினுக்கு அடித்தளம். இவை தப்பியதற்குக் காரணம், எஞ்சினுக்கும் ரேடாருக்கும் தனி ஒப்பந்தமும் தனி வரைபட உரிமையும் தனி சோதனைத் தளமும் இருந்ததுதான். உடற்பகுதியோடு பிணைந்தவை அதனோடே போய்விடும்.

ஆகவே ரத்து உத்தரவு எழுதும்போதே, கையொப்பம் சொன்ன 120 நாள் சரக்குப் பட்டியல் தொடங்குமுன், இவற்றைத் தனியே எழுதிவைக்கச் சொல்லுங்கள். சோதனைத் தரவு, காற்றுச் சுரங்க அளவீடுகள், தோல்வி அறிக்கைகள் உட்பட, வேறு கணினியிலும் திறக்கக்கூடிய வடிவில். தோற்ற பாகங்களின் மாதிரிகள், குறிப்பாக உடைந்த காம்போசிட் துண்டுகள். மென்பொருளின் மூல நிரல், அதைத் தொகுக்கும் கருவியோடு சேர்த்து. ஒரு முழு விமானம், பறக்காவிட்டாலும். அப்புறம் ஆட்கள்.

ஆட்களுக்கு ஒரு வழியைப் பிரிட்டன் காட்டியது. நிம்ராட் போனபின் கடல் ரோந்து அறிந்தவர்களை நட்பு நாடுகளின் விமானங்களில் பணியில் வைத்தது, சீட்கார்ன் என்று பெயர். இடைப்பட்ட காலத்தில், 2014-இல் ஸ்காட்லாந்துக் கடலில் நீர்மூழ்கியைத் தேட நட்பு நாடுகளின் விமானங்களை அழைக்க வேண்டிவந்தது, அந்த வெற்றிடத்தின் விலை அது. ஆனால் 2019 கடைசியில் முதல் பி-8 ரோந்து விமானம் கைக்கு வந்தபோது அதை ஓட்டவும் சோனோபாய் (நீர்மூழ்கியின் ஒலியைக் கேட்கக் கடலில் போடும் மிதவை) ஒலிகளைக் கேட்டுப் பிரிக்கவும் பயிற்சி மாறாத ஆட்கள் இருந்தார்கள். ரத்து அறிவிப்போடு சேர்த்து அந்த இடமாற்றப் பட்டியலிலும் கையெழுத்தாகவேண்டும். மூன்று மாதம் தள்ளினால்கூட, நல்லவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.